தொழில் நீங்கிய நெய்தல்

புதுக்கோட்டைக்குக் கடல் உண்டு என்பதைப் புதுக்கோட்டைக்காரர்களுக்கே சில வேளைகளில் நினைவூட்ட வேண்டியிருக்கிறது. சித்தன்னவாசல், குடுமியான்மலை, நார்த்தாமலை, திருமயம் என்று எங்கள் பெருமைகள் யாவும் பாறையின்மேல் நிற்பவை. தொண்டைமான்களின் சமஸ்தானம் நாற்புறமும் நிலம் சூழ்ந்தது. 1974 ஜனவரியில் திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர் மாவட்டங்களிலிருந்து பகுதிகளைப் பிரித்துப் புதுக்கோட்டை மாவட்டத்தை அமைத்தபோதுதான், தஞ்சையிடமிருந்து அறந்தாங்கிப் பகுதியோடு கடலும் எங்களுக்கு வந்து சேர்ந்தது. மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல் என்று ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர் நீளும் கரை. ஐம்பது ஆண்டுகள் கடந்த பின்னும் அது ஏதோ சீதனமாக வந்த நிலம் போலத்தான் நடத்தப்படுகிறது.

இது எங்கள் வகுப்பறையிலும் தெரியும். (நாங்கள் என்று இங்கே குறிப்பது தமிழ்த்துறை ஆசிரியர் இருவரையும் முதுகலை மாணவர் பத்தொன்பதின்மரையும்.) முல்லையையோ பாலையையோ நடத்தும்போது இலுப்பூர், பொன்னமராவதி, கந்தர்வகோட்டைப் பக்கத்துப் பிள்ளைகள் தாமாகவே பேசத் தொடங்குவார்கள். வறண்ட கண்மாயும் ஆட்டுக்கிடையும் அவர்கள் அறிந்தவை. நெய்தலுக்கு வந்ததும் வகுப்பு அமைதியாகிவிடும். அவர்களுள் பலர் கடலைப் பார்த்தது வேளாங்கண்ணியில் ஒரே ஒரு முறை. கடற்கரை ஊர்களிலிருந்து வரும் மூவர் இருக்கிறார்கள். அவர்களும் பேசுவதில்லை. புன்னை நிழலும் இரங்கலும் அவர்கள் வீட்டுக் கடலோடு ஒட்டுவதில்லை போலும். அவர்கள் வீட்டில் பேசப்படுவது டீசல் விலை, வலை, எல்லை தாண்டியதாகப் பிடிபட்ட படகுகள்.

ஆகவே இவ்வாண்டு நெய்தலைக் கடலிலேயே நடத்துவது என்று முடிவாயிற்று. தேர்ந்துகொண்ட இடம் குருசடைத் தீவு. பாம்பனை அடுத்த இத்தீவு மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்காவைச் சேர்ந்தது. 1986இல் அறிவிக்கப்பட்ட இப்பூங்கா இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே கரையை ஒட்டிக் கிடக்கும் 21 தீவுகளையும் அவற்றைச் சூழ்ந்த ஆழமற்ற கடலையும் கொண்டது. பரப்பு 560 சதுர கிலோமீட்டர். அவற்றுள் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்னும் இரண்டும் ஏற்கெனவே நீருக்குள் அமிழ்ந்துவிட்டன. ஆனாலும் அரசுக் கணக்கில் இன்றும் 21தான். இத்தீவுகளில் தன்னிச்சையாகக் கால் வைக்க முடியாது. குருசடைக்கு மட்டும் வனத்துறையின் படகில், வழிகாட்டியோடு சென்று, குறித்த பாதையில் நடந்து, குறித்த நேரத்தில் திரும்பலாம்.

தை மாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமை, இருள் பிரியாத வேளையில் புறப்பட்டோம். காரைக்குடி வழியாகச் சென்றால் சற்றுச் சுருக்கம். கடற்கரை மாணவியர் இருவரைக் கோட்டைப்பட்டினத்தில் ஏற்றிக்கொள்ள வேண்டியிருந்ததால் அறந்தாங்கி சென்று கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்தோம். விடியும்போது துறைமுகத்தில் விசைப்படகுகள் நெருங்கி நின்றன. உள்நாட்டுப் பிள்ளைகள் சன்னலோரம் கூடி வியந்து பார்த்தார்கள். ஏறிய இருவரும் பார்க்கவில்லை. மற்றவர்களுக்கென்று வீட்டிலிருந்து ஒரு தூக்குச்சட்டி கொண்டுவந்திருந்தார்கள். பாலில் காய்ச்சி உறையவைத்துத் துண்டுபோட்ட கடற்பாசி. நோன்புக் காலத்தில் எங்கள் கடற்கரை இசுலாமியர் வீடுகளில் தவறாது இடம்பெறும் பண்டம். தொண்டி தாண்டுவதற்குள் சட்டி காலி. அந்தப் பாசி அன்று மாலைவரை எங்களோடு வரப்போகிறது என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

பாம்பன் சாலைப் பாலத்தின்மேல் பேருந்து மெதுவாகச் சென்றபோது, இடப்புறத்தில் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய தொடர்வண்டிப் பாலமும் 1914ஆம் ஆண்டின் பழைய பாலமும் தெரிந்தன. கோட்டைப்பட்டினத்து மாணவி முதன்முறையாக வாய் திறந்தது அங்கேதான். “அந்தப் பக்கம் பொண்கடல் ஐயா, எங்க கடல். இந்தப் பக்கம் ஆண்கடல்.” பாக் நீரிணை பெண்கடல், மன்னார் வளைகுடா ஆண்கடல். அலையடங்கிய கடலும் அலையெறியும் கடலும் ஒரு பாலத்தின் இருபுறத்தில். மீனவர் வழக்கில் உள்ள இப்பெயர்கள் எங்கள் பாடத்திட்டத்தில் எங்கும் இல்லை.

குந்துகாலில்தான் படகுத்துறை. 1897 ஜனவரி 26இல் விவேகானந்தர் மேலைநாட்டிலிருந்து திரும்பிக் கரையிறங்கிய இடம் இது. நினைவு மண்டபம் இருக்கிறது. அதை அரைமணி நேரத்தில் பார்த்துவிட்டோம். நெகிழிப் பைகளை வாங்கி வைத்துக்கொண்டார்கள். சிப்பி, சங்கு, கல், கிளை எதையும் எடுக்கக்கூடாது என்று இருமுறை சொன்னார்கள். வழிகாட்டியாக வந்தவர் இருபத்தைந்து வயதிருக்கும் இளைஞர், அருகிலுள்ள மீனவக் குடியிருப்பைச் சேர்ந்தவர். பிள்ளைகள் அவரை உடனே அண்ணன் ஆக்கிக்கொண்டார்கள்.

தீவுக்குப் படகில் அதிக நேரம் ஆகவில்லை. கரையிலிருந்தே கண்ணுக்குத் தெரியும் தூரம். இறங்கியதும் முதலில் உணர்ந்தது காலடியில் நொறுங்கும் ஓசை. மணல் என்று நினைத்தது மணலன்று, முருகைக்கல்லின் உடைசல். விரல் போன்றவை, மூளையின் மடிப்புப் போன்றவை, தேன்கூடு போன்றவை. இவை யாவும் ஒரு காலத்தில் உயிருள்ள பவளப்பாறைகளாக இருந்தவை. தீவே அவற்றின் எலும்புக் குவியல்தான்.

மலையேற்றம் போன்ற நடையை எதிர்பார்ப்பவர்கள் ஏமாறுவார்கள். ஏறுவதற்கு அங்கே மேடென்று எதுவுமில்லை. ஆனால் நடை எளிதன்று. உடைசல்மீது கால் புரளும். உப்புப் படிந்த சேற்றில் புதையும். குடைவேல முள் சட்டையைப் பிடிக்கும். பத்து மணிக்குமேல் நிழலைத் தேடித்தான் நடக்க வேண்டும். கரையோரம் அடும்பு படர்ந்திருந்தது. இரட்டைப் பிளவுள்ள அதன் இலையை மானின் குளம்புக்கு ஒப்பிட்ட பழம்புலவர்கள் வீட்டிலிருந்து எழுதவில்லை என்பது நேரில் பார்த்ததும் விளங்குகிறது. ஆனால் அவர்கள் பாடிய புன்னைக் கானலைத் தேடினால் ஏமாற்றம்தான். உட்புறத்தில் உகாய் மரங்கள். உகாய் பாலைப் பாட்டில் வரும் மரமாயிற்றே என்று ஒரு மாணவர் கேட்டார். திணை மயக்கத்திற்குத் தொல்காப்பியர் இடம் வைத்திருக்கிறார் என்று சொல்லிச் சமாளிக்கலாம். நன்னீர் அரிதான உப்புமண்ணில் பாலை மரமும் நெய்தல் கொடியும் சேர்ந்து நிற்பதில் வியப்பென்ன என்று அவரே விடையும் சொல்லிக்கொண்டார்.

சதுப்பு ஓரத்தில் கண்டல் காடு. வழிகாட்டி நின்று, மனப்பாடமாக, தெளிவான உச்சரிப்பில் சொன்னார்: “இது ரைசோபோரா மியூக்ரோனேட்டா. இது அவிசீனியா மரைனா.” நன்றாகப் பயிற்சி பெற்றவர். முட்டுக்கொடுத்தாற்போல் இறங்கும் வேர்களையும், சேற்றிலிருந்து மேல்நோக்கி எழும் மூச்சுவேர்களையும் அவர் விளக்கிய விதத்தில் குறை சொல்ல எதுவுமில்லை. இத்தீவின் அறிவியல் பெருமையையும் சொன்னார். சென்னை அரசு அருங்காட்சியகம் 1927இல் கிரேவ்லியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு இத்தீவின் கரையோர உயிர்களைப் பற்றி மட்டுமே ஒரு தொகுதி வெளியிட்டது. விலங்கியல் படித்தவர்கள் அறிந்த பலனோகுளோசஸ் என்ற புழு இங்கே மணலுக்குள் வாழ்கிறது. முதுகெலும்பற்றவற்றுக்கும் முதுகுநாண் உள்ளவற்றுக்கும் நடுவே நிற்கும் உயிர். அதைப் பார்க்கத் தலைமுறை தலைமுறையாகக் கல்லூரி மாணவர்கள் இங்கு வந்திருக்கிறார்கள். தமிழ்த்துறையிலிருந்து வருவது அரிது என்று சிரித்தார்.

தெற்குக் கரையில் அலை ஒதுக்கிய பாசிகள் குவிந்து கிடந்தன. வழிகாட்டி ஒவ்வொன்றாகச் சுட்டினார். சர்காசம், டர்பினேரியா, ஜெலிடியெல்லா. எங்கள் மாணவி கேட்டார், “அண்ணே, வீட்ல இதையெல்லாம் என்னன்னு சொல்லுவீங்க?”

“வீட்லயா?” என்று தயங்கினார். அதுவரை இருந்த உச்சரிப்பு மாறியது. “இது கட்டக்கோரை. இது பக்கோடாப் பாசி.” பிள்ளைகள் சிரித்தார்கள். உண்மையிலேயே பக்கோடாவைப் போலத்தான் இருந்தது. “இதான் மரிக்கொழுந்து. இதுக்குத்தான் வெல. எங்கம்மா முப்பது வருசமா இதத்தான் அள்ளுனாக.”

அதன்பின் நடை வேறு நடையாயிற்று. மரிக்கொழுந்துப் பாசியிலிருந்து எடுப்பதுதான் அகர். காலையில் தூக்குச்சட்டியில் வந்தது, ஐஸ்கிரீமிலும் மருந்து ஆய்வகத்திலும் சேர்வது. கட்டக்கோரையிலிருந்து கிடைக்கும் ஆல்ஜினேட் துணிக்குச் சாயமிடும் தொழிலுக்குப் போகிறது. இராமநாதபுரக் கரையின் மீனவப் பெண்கள் பல பத்தாண்டுகளாகத் தீவுகளைச் சூழ்ந்த கடலில் மூச்சடக்கி மூழ்கி இவற்றைப் பறித்து வந்திருக்கிறார்கள். விரல்களில் துணி சுற்றி, கண்ணுக்குக் கண்ணாடி மாட்டி, இடுப்பில் பை கட்டி. அந்த நாளில் தீவிலேயே சோறு பொங்கித் தங்கியதாகத் தம் தாய் சொல்வார் என்றார் வழிகாட்டி. நாங்கள் இளைப்பாறிய மர நிழலைக் காட்டி, “இந்த மாதிரி எடத்துலதான்” என்றார்.

தேசியப் பூங்கா என்றால் உள்ளே மனிதருக்கு உரிமை கிடையாது. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. இத்தீவுகளில் அந்தச் சட்டம் கண்டிப்பாக நடைமுறைக்கு வந்த பின்னர், தீவில் இறங்கிய பெண்களுக்கு அபராதமும் படகு பறிமுதலும் வந்தன. அவர்கள் சும்மா இருந்துவிடவில்லை. தங்களுக்குள் கூடி விதி வகுத்துக்கொண்டார்கள். மாதத்தில் 12 நாள் மட்டுமே பறிப்பது, இரும்புச் சுரண்டி கூடாது, கையால்தான் பறிக்க வேண்டும், மீன்பிடித் தடைக்காலத்தில் பாசிக்கும் ஓய்வு. இப்பெண்களை ஒன்றுதிரட்டியவர்களுள் ஒருவரான, பாம்பனை அடுத்த சின்னப்பாலத்து இலட்சுமி மூர்த்திக்கு 2015இல் சீகாலஜி விருது கிடைத்தது. தீவுகளின் சூழலைக் காப்பவர்களுக்கு அமெரிக்க அமைப்பு ஒன்று தரும் விருது அது. தீவுச் சூழலைக் காத்ததற்காக உலக விருது வாங்கியவருக்கு அத்தீவில் இறங்க உரிமை இல்லை.

எங்கள் வழிகாட்டி சம்பளத்துக்கு நடக்கும் அதே பாதையில் அவருடைய தாய் நடக்க முடியாது. இதை அவர் வருத்தமாகவோ கோபமாகவோ சொல்லவில்லை. “அம்மா காலத்து வேல அது, எங்க காலத்து வேல இது” என்று மட்டும் சொன்னார். பிறகு எங்களுள் ஒரு மாணவர், “உங்க அம்மாவே இந்தப் பாதையில எங்களைக் கூட்டிட்டு வந்தா எப்பிடி இருக்கும்ணே?” என்று கேட்டதற்கு, “லத்தீன் பேரு தெரியாதுல்ல” என்றார். நகைச்சுவையாகச் சொன்னாரா என்று எங்களால் தீர்மானிக்க முடியவில்லை.

கரைமேட்டில் மதிய உணவுக்காக உட்கார்ந்தபோதுதான் நெய்தல் பாடம் உண்மையில் நடந்தது. தொல்காப்பியம் கருப்பொருளை எண்ணும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என்று அடுக்குகிறது. மரமும் பறவையும் இருக்கும் அதே வரிசையில், அவற்றோடு சமமாக, தொழில் இருக்கிறது. மீன் பிடித்தலும் உப்பு விளைத்தலும் நெய்தலுக்கு வெளியிலிருந்து வந்த இடையூறுகள் அல்ல. அவை இல்லாமல் நெய்தல் இல்லை. இக்காலப் பூங்கா என்னும் கருத்தோ விலங்கையும் மரத்தையும் பறவையையும் வைத்துக்கொண்டு தொழிலை மட்டும் வெளியே நிறுத்துகிறது. உணவும் போய்விடுகிறது, தெய்வமும் பெரும்பாலும் போய்விடுகிறது. குருசடை என்ற பெயரைக் கேட்டதும், சிலுவை நிற்கும் சிறு ஆலயத்தைக் குறிக்கும் ‘குருசடி’ என்ற சொல் நினைவுக்கு வராமலிராது. திணையிலிருந்து தொழிலைக் கழித்தால் மிஞ்சுவது பூங்கா என்று கந்தர்வகோட்டை மாணவர் ஒருவர் சொன்னார். தேர்வுத்தாளில் எழுதினால் முழு மதிப்பெண் தரத்தக்க விடை.

ஆனால் பூங்கா வேண்டாம் என்பது எங்கள் கருத்தன்று. நாங்கள் அமர்ந்திருந்த முருகைக்கல்லே அதற்குச் சான்று. இக்கடலின் பவளப்பாறைகளைச் சுண்ணாம்புக்கும் ஆலைகளுக்கும் படகு படகாக வெட்டியெடுத்த காலம் ஒன்று இருந்தது. 2001இல் பவளங்கள் வனவுயிர்ச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டு, அதன் பின்னரே அவ்வெட்டு 2005 அளவில் ஓய்ந்தது. காவல் இல்லையென்றால் வெட்டுகிறவர்கள் மீண்டும் வரமாட்டார்கள் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. எங்கள் கேள்வி, காவல் யாரிடமிருந்து என்பது. 2010இலும் 2016இலும் கடல்நீர் சூடேறிப் பவளங்கள் வெளிறியதற்குப் பாசி பறிக்கும் பெண்கள் காரணமல்லர்.

இன்னொன்றும் காரணமல்லர். வழிகாட்டி கடைசியாகக் காட்டிய பாசியைக் கேட்டபோது, “கப்பாபைகஸ். வீட்ல பெப்சி பாசிம்பாக” என்றார். தென்கிழக்காசியாவைச் சேர்ந்த இப்பாசி 1990களில் மண்டபத்து ஆய்வகத்தின் வழியாக இக்கரைக்கு வந்தது. 2000ஆம் ஆண்டையொட்டிப் பெப்சி நிறுவனத்தின் முயற்சியால் வணிகப் பயிராயிற்று. மூங்கில் மிதவையில் கட்டி வளர்க்கும் இப்பயிரால் எத்தனையோ பெண்களுக்கு வருமானம் வந்தது. எங்கள் மாவட்டக் கரையிலும் வளர்த்திருக்கிறார்கள். தீவுகளுக்குப் பரவிவிடக்கூடாது என்று 2005இல் அரசாணை சாகுபடிக்கு எல்லை வகுத்தது. 2008இல் குருசடைத் தீவின் உயிருள்ள பவளங்களின்மேல் இப்பாசி போர்த்திக் கிடப்பதை ஆய்வாளர்கள் கண்டார்கள். நிறுவனம் பின்னர் விலகிவிட்டது. பெயர் மட்டும் மக்கள் வாயில் தங்கிவிட்டது. பவளத்தை மூடியது யார் கொண்டுவந்த பாசி என்பதை ஆய்வுக்கட்டுரை படிக்காமலே சொல்லிவிடும் பெயர். நிகண்டுகளில் இத்தகைய பெயர்கள் ஏறுவதில்லை. ஏற வேண்டும்.

திரும்பும் வழியில் பேருந்தில் பேச்சு எங்கள் கடலுக்கே வந்தது. 2022 செப்டம்பரில் தமிழக அரசு பாக் நீரிணையில், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் கரையை ஒட்டிய 448 சதுர கிலோமீட்டர் கடலைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. கடற்பசுவுக்கென்று இந்தியாவில் அமைந்த முதல் பாதுகாப்பகம். கடற்புல்லை மேய்ந்து வாழும் அந்தப் பெரிய, கூச்சமுள்ள உயிரை எங்கள் கரையில் ஆவுளியா என்பார்கள். நார்த்தாமலையிலும் திருமயத்திலும் பெருமை கொள்ளும் மாவட்டம் இந்தச் செய்தியை எவ்வளவு சத்தமின்றிக் கடந்து போயிற்று என்பதை நினைத்தால் வியப்பாயிருக்கிறது.

சட்டத்தின் சொற்களில் இது தேசியப் பூங்கா அன்று; ‘காப்பு ஒதுக்ககம்’ என்று தமிழில் சொல்லலாம். 2002ஆம் ஆண்டுத் திருத்தத்தால் வனவுயிர்ச் சட்டத்துக்குள் புகுந்த வகை. அவ்வூர் மக்களைக் கலந்தே அறிவிக்க வேண்டும்; மேலாண்மைக் குழுவில் ஊராட்சியின் பிரதிநிதி இருக்க வேண்டும்; மக்களின் உரிமை தானாகப் பறிபோய்விடாது. அதாவது 1972இல் திணையிலிருந்து நீக்கிய தொழிலைச் சட்டமே முப்பது ஆண்டுகள் கழித்து ஓரமாக உள்ளே அழைத்துக்கொண்டிருக்கிறது. குழுவில் கடற்கரைப் பெண் ஒருவர் உட்கார்ந்து, கடற்புல்லுக்கு அவர் வழங்கும் பெயரிலேயே பேசுவாரா என்பதைப் பொறுத்தே மற்றவை. எங்கள் கரையின் கணக்கும் சுத்தமானதன்று. கடற்புல் படுகையை உழுதுவிடும் இழுவலைப் படகுகளுக்குக் கோட்டைப்பட்டினமும் ஜெகதாப்பட்டினமும் பெயர்பெற்ற துறைகள். எங்கள் மாணவியின் தந்தை அத்தகைய படகொன்றில்தான் வேலை பார்க்கிறார். இதை அவரே சொன்னார், தலை குனியாமல். அந்தப் படகுதான் தம்மை முதுகலை வரைக்கும் படிக்க வைத்தது என்றும் சேர்த்துச் சொன்னார்.

வரும் பருவத்தில் ஒரு சொற்றொகுதி செய்வது என்று பேருந்திலேயே முடிவு செய்தோம். பாசி, காற்று, நீரோட்டம், மீன், வலை ஆகியவற்றுக்கு மணமேல்குடி முதல் மீமிசல் வரை வழங்கும் சொற்கள். வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று தொடங்கிய பட்டியல் தேவிபட்டினம் வருவதற்குள் இரண்டு பக்கம் நிறைந்துவிட்டது. பேசாதிருந்த மூவர்தாம் சொன்னார்கள், மற்றவர்கள் எழுதினார்கள்.

ஆவுளியாவை யாராவது பார்த்ததுண்டா என்று ஒரு கேள்வி வந்தபோது, மாணவி வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்து ஒலிபெருக்கியைப் போட்டார். எதிர்முனையில் அவர் தாய். சிறு வயதில் அதன் கறியைத் தின்றிருப்பதாகச் சொன்னார். இப்போது யாரும் தொடுவதில்லை. வலையில் சிக்கியதை உயிரோடு விடுகிறவர்களுக்கு வனத்துறை பரிசு தருகிறது. “போன வருசம் பக்கத்து வீட்டு மச்சான் வலையில ஒண்ணு விழுந்துச்சு. குட்டியோட. புது வலை. அறுத்துத்தான் விட்டாக” என்றார். வலை என்ன விலை இருக்கும் என்று எங்களில் ஒருவர் கேட்டார். அதற்குப் பதில் வருவதற்குள் அவர் மகளிடம், “பிள்ளைகளுக்குக் கடப்பாசி பத்துச்சாம்மா?” என்று கேட்டுக்கொண்டிருந்தார்.